தானாக முளைக்கும் ஃபார்ம்களும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு நாளும்

அந்த அம்மா டெலிவரி சலானை மானிட்டருக்குக் கீழே சாய்த்து வைத்து, அதன்மேல் ஒரு அடிஸ்கேலைப் பிடித்திருந்தார். ஒரு வரியைப் படிப்பார், ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்குவார், பிறகு டேப் கீயைத் தட்டத் தொடங்குவார். உதடு மட்டும் லேசாக அசையும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அவர் டேப்பை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது தட்டில் 'பேட்ச் எண்' வரும். அதை அடித்துவிட்டு, ஷிஃப்டைப் பிடித்தபடி நான்கு தட்டு பின்னால் வந்தால் 'அளவு'. சலானில் பேட்ச் எண்தான் முதலில் இருக்கிறது, அளவு அதற்குப் பிறகுதான்.

அவர் வேலை செய்துகொண்டிருந்தது நான் கொடுத்த ஃபார்மில். டேட்டாபேஸில் தகவலை வரி வரியாக வைத்திருக்கும் டேபிளின் அமைப்பை ஒரு கருவிக்குக் காட்டினேன், அது ஃபார்மை உருவாக்கித் தந்தது. கிடங்கு நிர்வாகத்துக்கான மென்பொருள், அறுபது டேபிள்கள். ஒவ்வொன்றுக்கும் பட்டியல், சேர்க்க, திருத்த, நீக்க என்று நான்கு திரைகள். கையால் எழுதியிருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கருவி இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தது. அந்த வேகம் உண்மையானது, இன்றும் அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்த ஒரு நாளில் கற்றதை, அதற்கு முன்பான பல வருடங்களில் நான் கற்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டேபிளிலிருந்து ஃபார்மை எடுக்கும் ஆசை ரொம்பப் பழையது. 1980-களிலேயே ஆரக்கிள் தன் டேட்டாபேஸோடு எஸ்க்யூஎல் ஃபார்ம்ஸ் என்ற கருவியைக் கொடுத்தது. 1992-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸின் ஃபார்ம் விசார்டைத் தொட்டுத் தொழிலுக்குள் வந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில் டேபிளுக்குப் பராமரிப்புத் திரை உருவாக்கித் தரும் வசதி உண்டு. வலை மென்பொருள் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் (சுருக்கமாக ரெயில்ஸ்) 'ஸ்கஃபோல்டு' என்ற ஒற்றைக் கட்டளையால்தான் அத்தனை பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2005-இல் வெளியான, அதே வகையைச் சேர்ந்த ஜாங்கோவின் அட்மின் (தானாக வரும் நிர்வாகத் திரைகள்), ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் செய்தி ஏற்றுகிறவர்களுக்காகப் பிறந்தது. இப்போது ஜேசன் ஸ்கீமாவை (டேட்டாவின் அமைப்பை விவரிக்கும் எழுத்துக் குறிப்பை) கொடுத்தால் பிரவுசரிலேயே ஃபார்ம் வரைந்துவிடும் நூலகங்கள் இருக்கின்றன. மொழியும் காலமும் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: ஃபீல்டின் (டேபிளில் உள்ள ஒவ்வொரு தகவல் கட்டத்தின்) வகை என்ன, நீளம் எவ்வளவு, காலியாக விடலாமா, வேறு எந்த டேபிளைச் சுட்டுகிறது என்று கருவி படிக்கிறது. உரை என்றால் பெட்டி, ஆம்/இல்லை என்றால் செக்பாக்ஸ், வேறு டேபிளைச் சுட்டினால் ட்ராப்டவுன், அதாவது அமுக்கினால் விரியும் பட்டியல்.

அதற்கு மேல் கருவிக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எந்த ஃபீல்டு ஒரு நாளைக்கு முந்நூறு முறை நிரப்பப்படும், எது வருடத்துக்கு ஒருமுறை தொடப்படும், நிரப்புகிறவர் கையில் காகிதம் வைத்திருக்கிறாரா, காதில் போன் வைத்திருக்கிறாரா, இவை எந்த ஸ்கீமாவிலும் எழுதப்படுவதில்லை.

வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். டேபிளில் ஃபீல்டுகள் இருக்கும் வரிசை, அவை சேர்க்கப்பட்ட வரிசை. முதல் வருடம் ஐட்டம், அளவு, குறிப்பு. அடுத்த வருடம் யாரோ கேட்டார்கள் என்று கிடங்கு எண். அதற்கும் பிறகு காலாவதித் தேதி. மரத்தின் வளையம் மாதிரி, மென்பொருளின் வரலாறு அதில் பதிந்திருக்கும். கருவி அந்த வரலாற்றை அப்படியே திரையில் அடுக்கிவிடுகிறது. அந்த அம்மா டேப்பை எண்ணியதற்குக் காரணம் அதுதான். சரிசெய்யப் பெரிய உழைப்பு தேவைப்படவில்லை. சலானை ஒரு நகல் எடுத்து, அதிலிருந்த வரிசையையே கருவியின் கான்ஃபிகரேஷனில் (அமைப்புக் குறிப்பில்) எழுதினேன், அரைமணி நேர வேலை. அதைச் செய்யாமல் எட்டு மாதம் ஓடியிருந்தது. இப்போது எந்த ஃபார்மைத் தொடுவதற்கு முன்பும், அதை நிரப்புகிறவர் எதைப் பார்த்து நிரப்புகிறார் என்று கேட்டு, அந்தக் காகிதத்தையோ மின்னஞ்சலையோ வாங்கி மேசையில் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ட்ராப்டவுன். ஐட்டம் டேபிளைச் சுட்டும் ஃபீல்டு, ஆகவே ட்ராப்டவுன், கருவியின் கணக்கில் அது சரி. சோதனைக்கு நாங்கள் வைத்திருந்தது இருபது ஐட்டம், நிஜத்தில் இருந்தது பல ஆயிரம். ஒவ்வொரு முறை ஃபார்மைத் திறக்கும்போதும் அத்தனையும் டேட்டாபேஸிலிருந்து எடுக்கப்பட்டு, பக்கத்தோடு பிரவுசருக்குப் போயின. அதோடு, ஐட்டம் பெயருக்கு முன்னால் வகையின் பெயரையும் காட்டலாமே என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியால் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனியாக ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடியது. பக்கம் திறக்கிற வரை அவர் சலான்களை அடுக்கிக்கொண்டிருந்தார், அந்த இடைவெளிக்கே ஒரு வேலையைப் பழக்கப்படுத்தி வைத்திருந்தார். இன்னொன்றும் இருந்தது. ட்ராப்டவுனில் எழுத்தைத் தட்டினால் பிரவுசர் பெயரின் தொடக்கத்தோடு மட்டுமே பொருத்திப் பார்க்கும். நான் முன்னால் வகைப்பெயரைச் சேர்த்ததால் நூற்றுக்கணக்கான ஐட்டங்கள் ஒரே சொல்லில் தொடங்கின, தட்டித் தேடுகிற வழியும் அடைபட்டது.

இந்தச் சிக்கல் கருவி செய்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. ஜாங்கோவில் ட்ராப்டவுனுக்குப் பதிலாக ஐடி-யை (அடையாள எண்ணை) மட்டும் அடிக்கும் பெட்டி வைக்க முன்பே வழி இருந்தது, 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் தட்டத் தட்டத் தேடித் தரும் பெட்டி அட்மினோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஆனால் எங்கே அதைப் போட வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் இது: ஜெனரேட் செய்வதற்கு முன் ஒவ்வொரு தொடர்புக்கும் எதிர்ப்பக்க டேபிளில் இன்று எத்தனை வரி, மூன்று வருடத்தில் எத்தனை ஆகும் என்று எழுதிப் பார்ப்பேன். ஐம்பதைத் தாண்டும் என்றால் ட்ராப்டவுன் கிடையாது.

அன்று மதியம் நடந்த ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. அளவு ஃபீல்டில் 120 என்று அடித்தார். சேவ் பட்டன் திரைக்குக் கீழே இருந்ததால் மவுஸ் வீலை உருட்டினார். பக்கம் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் உருட்டினார், பாயிண்டரை ஓரமாக நகர்த்தி மறுபடி உருட்டினார், சேவ் பட்டன் வந்தது. நான் பெட்டியைப் பார்த்தேன், 117. எச்டிஎம்எல்-இன் 'நம்பர்' வகைப் பெட்டியில் கர்சர் இருக்கும்போது வீலை உருட்டினால் சில பிரவுசர்களில் பக்கத்துக்குப் பதில் எண் நகரும். அவர் கவனிக்கவில்லை. கவனிக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை, அவர் கண் அடுத்த சலான் வரிக்குப் போய்விட்டது. மாதக் கடைசியில் சரக்கு எண்ணும்போது இரண்டும் மூன்றுமாக உதைத்த கணக்குக்கு நாங்கள் குடோன் ஆட்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

டேபிளில் முழு எண் என்று இருந்தால் கருவி இந்தப் பெட்டியைத்தான் வைக்கும். பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டம் குழு 2020-இல் இதே வீல் சிக்கலையும் வேறு சிலவற்றையும் விளக்கி, சாதாரண உரைப் பெட்டியில் 'இன்புட்மோட்' என்பதை நியூமரிக் என்று கொடுத்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தது. மொபைலில் எண் விசைப்பலகை வரும், வீல் தொல்லை இருக்காது. நாங்கள் ஜெனரேட்டரின் டெம்ப்ளேட்டிலேயே (எல்லா ஃபார்மும் வார்க்கப்படும் அச்சிலேயே) இதை மாற்றினோம், அறுபது ஃபார்மும் ஒரே நாளில் திருந்தின. தானாக உருவாக்குவதன் உண்மையான பலம் எனக்கு அன்றுதான் புரிந்தது. தவறும் அறுபது இடத்தில் வருகிறது, திருத்தமும் அறுபது இடத்துக்குப் போகிறது. ஆகவே ஒரு ஃபார்மில் குறை கண்டால், அந்த ஃபார்மைத் திருத்துவதா டெம்ப்ளேட்டைத் திருத்துவதா என்று முதலில் யோசிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தவை சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இலக்கங்களால் ஆனதெல்லாம் எண்ணல்ல. ஐட்டம் கோடு, பின்கோடு, போன் நம்பர் போன்றவற்றை முழு எண்ணாக வைத்தால் 00417 என்பது 417 ஆகிவிடும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அதை உரையாக வையுங்கள். பணத்தை ஒருநாளும் ஃப்ளோட்டில் (தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) வைக்காதீர்கள், துல்லியமான டெசிமல்தான். தேதிக்கு நேரம் வேண்டாம் என்றால் டேபிளிலும் வெறும் தேதியாகவே இருக்கட்டும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ளூர் நள்ளிரவை யூடிசி-க்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி அனுப்பினால், யூடிசி-க்கு முன்னே ஓடுகிற நேர மண்டலங்களில் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும். பதினைந்தாம் தேதி வந்த சரக்கு பதினான்காம் தேதிக் கணக்கில் ஏறும். அப்புறம் காலி. காலி உரையும் 'நல்'லும் (null, மதிப்பே இல்லை என்ற குறி) பெரும்பாலான டேட்டாபேஸ்களுக்கு வேறு வேறு. ஒரே மதிப்பு இருவருக்கு வரக்கூடாது என்று தடை போட்ட, ஆனால் கட்டாயமில்லாத ஒரு ஃபீல்டைக் காலியாக விட்டால், முதல் ஆள் சேவ் ஆவார், இரண்டாவது ஆளுக்கு 'ஏற்கெனவே உள்ளது' என்று பிழை வரும். காலியை 'நல்' ஆக மாற்றிச் சேமிக்கச் சொல்லாதவரை அது தீராது.

இனி நான் அதிகம் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கொள்முதல் டேபிளில் 'ஒப்புதல்' என்று ஒரு ஆம்/இல்லை ஃபீல்டு புதிதாகச் சேர்த்தோம். மேலாளர் பார்த்து ஒப்புதல் தருவதற்கு. அதற்கான தனித் திரையைப் பிறகு செய்யலாம் என்று விட்டிருந்தோம். எங்கள் கருவி, டேபிளில் இருப்பதையெல்லாம் ஃபார்மில் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை பதிவு செய்கிற எல்லாருடைய திரையிலும் 'ஒப்புதல்' என்ற செக்பாக்ஸ் வந்து நின்றது. அவர்களும் நல்ல எண்ணத்தோடு டிக் செய்தார்கள், ஃபார்மில் இருக்கிற பெட்டியை நிரப்புவதுதானே அவர்கள் வேலை. மூன்று நாள் கொள்முதல் யாரும் பார்க்காமலே ஒப்புதல் ஆகிப் போயிருந்தது.

அவசரத்தில் நான் செய்த முதல் திருத்தம் இன்னும் மோசமானது. திரையிலிருந்து அந்தப் பெட்டியை மட்டும் எடுத்தேன், சர்வர் பக்கத்து ஃபார்மின் ஃபீல்டு பட்டியலில் அது அப்படியே இருந்தது. டிக் இல்லாத செக்பாக்ஸைப் பிரவுசர் அனுப்புவதே இல்லை. ஆகவே பெட்டி வரவில்லை என்பதைச் சர்வர் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டது. முறையாக ஒப்புதல் பெற்ற பழைய பதிவுகளை யாராவது திறந்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினால்கூட ஒப்புதல் அழிந்தது. அதோடு, திரையில் இல்லையென்றாலும் யாராவது அந்தப் பெயரில் ஒரு மதிப்பை அனுப்பினால் சர்வர் வாங்கிக்கொள்ளும்.

இந்த ஓட்டைக்குப் பெயர் மாஸ் அசைன்மென்ட். 2012 மார்ச்சில் ஒருவர், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இதே வகை ஓட்டையைப் பயன்படுத்தி, தனக்கு அனுமதியே இல்லாத ரெயில்ஸ் திட்டத்தின் நிரலுக்குள் ஒரு மாற்றத்தைப் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு, 2013-இல் வந்த ரெயில்ஸ் 4-இல் எந்தெந்த ஃபீல்டை ஏற்கலாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய முறை இயல்பாகவே வந்தது. ஜாங்கோவும் 2015-இல் வெளியிட்ட 1.8-இலிருந்து, மாடலிலிருந்து (டேபிளின் அமைப்பை நிரலில் சொல்லும் பகுதியிலிருந்து) ஃபார்ம் எடுத்தால் எந்த ஃபீல்டுகள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுதாமல் விட முடியாது என்று ஆக்கியது. 'எல்லாம்' என்று எழுத இன்னும் வழி இருக்கிறது. தயவுசெய்து எழுதாதீர்கள். பத்துப் பெயரைத் தட்டுவதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். புதிய ஃபீல்டு சேர்ந்தால் அது எந்தத் திரையிலும் தோன்றாமல் இருப்பதுதான் பாதுகாப்பான இயல்பு. வேண்டும் என்றால் யாராவது வந்து கேட்பார்கள்.

அந்தச் சம்பவத்தில் இன்னொரு பாடமும் இருந்தது, எனக்கு அது புரியக் கொஞ்சம் காலம் ஆனது. ஒப்புதல் என்பது நிரப்புகிற ஒரு பெட்டியே அல்ல, ஒருவர் செய்கிற ஒரு செயல். ரிச்சர்ட் பாசன் 2004-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் ஆய்வாக முன்வைத்த 'நேக்கட் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற கருத்தைப் பின்னாளில் படித்தேன். அதுவும் முழுத்திரையையும் தானாக உருவாக்குகிற வழிதான், அயர்லாந்து அரசின் சமூக நலத்துறை அதைக் கொண்டு தன் மென்பொருளைக் கட்டியது. ஆனால் அங்கே திரையில் ஃபீல்டுகள் மட்டும் வருவதில்லை. அந்தப் பொருளின் மேல் என்னென்ன செய்யலாம் என்பதும் மெனுவாக வருகிறது. எங்கள் கருவி எல்லா வேலையையும் 'திருத்து' என்ற ஒரே பட்டனுக்குள் அடைத்திருந்தது. இப்போது நிலை மாறுகிற எந்த ஃபீல்டையும் நான் ட்ராப்டவுனாக ஃபார்மில் விடுவதில்லை. 'பெற்றுக்கொள்', 'திருப்பி அனுப்பு', 'ஒப்புதல் கொடு' என்று தனித்தனிப் பட்டன், ஒவ்வொன்றுக்கும் யார் செய்யலாம் என்ற சோதனை, யார் எப்போது செய்தார் என்ற பதிவு.

நிரலை ஒருமுறை எழுதித் தந்துவிட்டு விலகிக்கொள்ளும் கருவிகள் ஒரு ரகம், ஓடும்போதே மாடலைப் படித்து ஃபார்மை வரையும் கருவிகள் இன்னொரு ரகம். எங்களுடையது முதல் ரகம், அதை இரண்டாவது மாதிரி நாங்கள் பயன்படுத்தினோம். டேபிள் மாறும்போதெல்லாம் மறுபடி ஜெனரேட் செய்வோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூட வேலை செய்கிறவர் அப்படி ஓட்டியதில், நான் மூன்று வாரமாகக் கையால் சேர்த்திருந்த வேலிடேஷன் (தவறான மதிப்பைத் தடுக்கும் சோதனைகள்) எல்லாம் அழிந்துபோனது. அவர்மேல் தப்பில்லை. உருவாக்கிய நிரலும் கையால் எழுதிய நிரலும் ஒரே ஃபைலில் இருந்தால் அது என்றாவது நடந்தே தீரும். 2005-இல் சி ஷார்ப் மொழியின் 2.0 பதிப்பு ஒரே கிளாஸை (நிரலின் ஒரு கூறை) இரண்டு ஃபைலில் பிரித்து எழுதும் வசதியைக் கொடுத்ததன் பின்னணியில் இந்த வலிதான் இருக்கிறது, திரை வரையும் டிசைனர் கருவி எழுதுவது ஒரு ஃபைல், நாம் எழுதுவது இன்னொன்று. ஜேசன் ஸ்கீமா ஃபார்ம் நூலகங்களில் டேட்டாவின் அமைப்பு ஒரு இடத்திலும் தோற்றம், வரிசை எல்லாம் தனி ஸ்கீமாவிலும் இருப்பதும் இதற்காகத்தான். எந்தக் கருவியை எடுத்தாலும் நான் முதல் நாள் செய்யும் சோதனை இது: ஒரு ஃபார்மில் கைவைத்து ஒன்றை மாற்றுவேன், டேபிளில் ஒரு ஃபீல்டைச் சேர்ப்பேன், மறுபடி ஜெனரேட் செய்வேன். என் மாற்றம் உயிரோடு இருந்தால்தான் அந்தக் கருவியை மேற்கொண்டு பார்ப்பேன்.

இப்போது ஏஐ மொழி மாதிரிகளிடம் சொன்னாலே ஃபார்ம் எழுதித் தருகின்றன, நானும் பயன்படுத்துகிறேன். டேபிளை மட்டும் கொடுத்தால் பழைய கருவி தந்தது போலவே, கொஞ்சம் அழகாக, வருகிறது. சலானின் அமைப்பையும் அதை நிரப்புகிறவர் செய்கிற வேலையையும் சேர்த்து விவரித்தால் வேறு மாதிரி வருகிறது.

அறுபதில் ஐம்பத்திரண்டை இன்றும் கருவிதான் உருவாக்குகிறது. அலகுகள், துறைகள், வரி விகிதங்கள், கிடங்குகளின் பட்டியல் என மாதத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் திறக்கிற திரைகள். அவற்றுக்குக் கையால் ஃபார்ம் எழுத உட்கார்ந்தால் அது வீண். ஜாங்கோவின் ஆவணமே அட்மினை நிறுவனத்துக்குள்ளான நிர்வாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முழு முன்பக்கத்தையும் அதன்மேல் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறது. மீதி எட்டுத் திரைகளில்தான் ஆட்கள் நாள் முழுக்க உட்கார்கிறார்கள். அந்த எட்டைக் கையால் எழுதினோம். எந்த எட்டு என்று எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், ஒரு மாதத்து சேவ்களை டேபிள்வாரியாக எண்ணிப் பார்த்தோம், முதல் சில டேபிள்களிலேயே ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிட்டது.

அன்று மாலை கிளம்பும்போது அந்த அம்மாவிடம், "வேற ஏதாவது மாத்தணுமாம்மா?" என்று கேட்டேன். தயங்கிவிட்டுச் சொன்னார்:

"சேவ் பண்ணா லிஸ்ட்டுக்குப் போயிடுது தம்பி. மறுபடி 'புதுசு' அமுக்கி, மறுபடி அதே சப்ளையரைத் தேடி, அதே தேதியைப் போட்டு, அதே வண்டி நம்பரைப் போட்டு... ஒரு லாரியில நாப்பது ஐட்டம் வருது. லாரி ஒண்ணுதானே?"

டேபிளுக்கு ஒரு வரி என்பது ஒரு ஐட்டம். அவருக்கு ஒரு வேலை என்பது ஒரு லாரி. கருவி முதலாவதைத்தான் பார்த்தது, எட்டு மாதமாக நானும் அதைத்தான் பார்த்திருந்தேன். கையால் எழுதிய எட்டில் முதலாவது அந்தத் திரைதான். மேலே சப்ளையர், தேதி, வண்டி எண் ஒரு முறை, கீழே ஐட்டங்கள் வரி வரியாக, என்டர் தட்டினால் அடுத்த வரி, கடைசியில் ஒரே சேவ். எழுத மூன்று வாரம் ஆனது. கொண்டுபோய்க் கொடுத்த அன்று மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். உதடு அசையவில்லை, டேப்பை எண்ணுவது நின்றுவிட்டது. அடிஸ்கேல் மட்டும் இருந்தது. சலானில் எழுத்து பொடிசு, வரி பிடிக்க அது வேண்டும் என்றார்.